ஊட்டத்தூர் முதல் நின்னியூர் வரை

1862-இல் புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்ட், திருச்சி–அரியலூர் வட்டாரத்தின் கிரிட்டேசியஸ் காலப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அந்தச் சட்டகம் பெரும்பாலும் இன்றும் நிற்கிறது. ஒன்றரை நூற்றாண்டு என்பது அறிவியலில் பெரிய ஆயுள்தான்.

சிக்கல் பிறகு வந்தது. ஒரு பெயர் பாறையைக் குறிக்கிறதா, காலத்தைக் குறிக்கிறதா? கடல் மெல்ல நிலத்துக்குள் முன்னேறும்போது ஒரே மணற்கல் அடுக்கு ஓரிடத்தில் முந்தியும் இன்னோரிடத்தில் பிந்தியும் படியும். தோற்றம் ஒன்று, வயது வேறு. ஆகவே பிற்கால ஆய்வாளர்கள் பாறையின் தன்மையையும் வயதையும் தனித்தனியே பெயரிட்டார்கள். அரியலூர்த் தொகுதிக்குள் சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு என ஊர்ப்பெயர்கள் நுழைந்தன.

வயதைச் சொல்லப் பெரிதும் உதவியவை அம்மோனைட்டுகள். சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிரிகள் இவை. இனங்கள் விரைவாக மாறின, கடல்தோறும் பரவின. அதனால் இவ்வட்டாரத்தின் காரைப் பகுதியில் கிடைக்கும் ஓர் இனம் மடகாஸ்கரிலும் அகப்பட்டால், இரு அடுக்குகளும் ஏறக்குறைய ஒரே காலத்தவை.

நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல்லில் அம்மோனைட்டுகள் இல்லை. பிளான்ஃபோர்ட் அரியலூரோடு சேர்த்திருந்த அந்தப் படிவு, இப்போது தனியாகப் பிரிக்கப்பட்டு, டைனோசர்களும் அம்மோனைட்டுகளும் மறைந்தபின் வந்த பேலியோசீன் காலத்தில் வைக்கப்படுகிறது.