உடல் ஒரு வயது, எஞ்சின் ஒரு வயது

கப்பல் எஞ்சின் அறையிலேயே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். ஒரு பழைய கப்பலின் காகிதங்கள் கைக்கு வந்தால் நீளத்தையும் டன்னையும் அப்புறம்தான் பார்ப்பேன். என்ன எஞ்சின், எப்போது ஏற்றினார்கள், யார் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள் என்பதே முதல் கேள்வி. கட்டும்போது வைத்த எஞ்சின்தான் கடைசிவரை ஓடியது என்று அந்தக் காலத்துக் கப்பல்களை நம்பிவிட முடியாது.

‘ஸாந்தோ’ என்று ஒரு கப்பல். 1848இல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் டென்னி குடும்பத்தார் கட்டியது. இரும்பு உடல், இருபுறமும் துடுப்புச் சக்கரம். அன்றைக்குக் கப்பல்களைச் சோதித்துத் தரம் பிரிக்கும் லாயிட்ஸ் ரெஜிஸ்டரிடம் இரும்புக் கப்பலுக்கென்று தனி விதிகளே இல்லை. அவை 1855இல்தான் வந்தன. தகட்டின் கனமும் ஆணிகளின் இடைவெளியும் கட்டுபவரின் அனுபவத்தைப் பொறுத்தவை.

பயணிகள் விஷயத்தில் பிரிட்டிஷ் அரசு முந்திக்கொண்டது. 1854ஆம் ஆண்டுச் சட்டப்படி, பயணிகள் நீராவிக் கப்பலை ஆண்டுக்கு இருமுறை சோதிக்க வேண்டும். உடலுக்கு ஒரு சர்வேயர், எஞ்சினுக்கு ஒரு சர்வேயர். சான்றிதழை எல்லோர் கண்ணிலும் படும்படி கப்பலில் மாட்ட வேண்டும். பாய்லரில் ஒரு சேஃப்டி வால்வு எஞ்சினியரின் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. வேகத்துக்கு ஆசைப்பட்டு வால்வை அமுக்கி வைக்கும் ஆட்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். எங்கள் கூட்டத்தை நன்றாகத் தெரிந்தவர் எவரோ எழுதிய விதி அது. 1855 முதல் பதிவான கப்பல்களுக்கு அதிகாரபூர்வ எண் வந்தது. அதை முதன்மை உத்தரத்தில் வெட்டிப் பொறித்தார்கள். எஞ்சினை மாற்றினாலும் உத்தரத்து எண் மாறாது.

1871இல் ‘ஸாந்தோ’ கிளாஸ்கோவின் பழைய உலோக வியாபாரி ராபர்ட் ஸ்டூவர்ட்டிடம் போய்ச் சேர்ந்தது. அவர் சக்கரங்களை அகற்றிவிட்டு, புரொப்பல்லரைச் சுழற்ற, ஜான் பென் நிறுவனம் பிரிட்டிஷ் கடற்படைக்குச் செய்த பத்து வயது ட்ரங்க் எஞ்சினை உள்ளே ஏற்றினார். கிரிமியப் போர்க்காலப் பீரங்கிப் படகுகளுக்காக உருவான வகை அது. பிஸ்டனோடு ஒரு குழாயைச் சேர்த்து, கனெக்டிங் ராடை அதற்குள்ளேயே ஆடவிட்டிருப்பார்கள். இதனால் எஞ்சின் குட்டையாகும். படுக்கவைத்தால், குண்டுக்கு எட்டாமல் நீர்மட்டத்துக்குக் கீழே அடங்கும். அவசரத்துக்கு ஏராளமாகச் செய்ய வேண்டியிருந்ததால், விட்வொர்த் வகுத்த ஒரே அளவு மரையை வைத்து உதிரிகளைப் பல பட்டறைகளில் செய்வித்தார்கள்.

அருமையான எஞ்சின்தான், ஆனால் நீராவியைத் திரும்பத் தண்ணீராக்கும் கன்டென்சர் அதில் கிடையாது. வேலை முடித்த நீராவி வெளியே போய்விடும். பாய்லர் ஓயாமல் புதுத் தண்ணீர் கேட்கும். அந்தக் கப்பலைச் சார்லஸ் பிராட்ஹர்ஸ்ட் என்பவர் வாங்கிக் கொண்டுபோனதோ நல்ல தண்ணீரே அரிதான மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கு, முத்துச்சிப்பித் தொழிலுக்கு. கடல்நீரை ஊற்றினால் பாய்லருக்குள் உப்பு படியும். 1872 நவம்பரில் ஈயத் தாதை அளவுக்கு மீறி ஏற்றியிருந்த ‘ஸாந்தோ’, அந்தக் கரையின் போர்ட் கிரெகரியில் மூழ்கியது. லாயிட்ஸ் ரெஜிஸ்டர் எஞ்சினைப் பார்க்கவென்று எஞ்சினியர் சர்வேயர்களை நியமித்ததே அதற்குப் பிறகு, 1874இல்தான்.

1979இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தச் சிதைவிலிருந்து 1985இல் எஞ்சினை மேலே தூக்கினார்கள். கடல் தொல்லியலாளர் மைக்கேல் மெக்கார்த்தியின் குழு, அதில் பாறைபோல் ஒட்டியிருந்த படிவை ஆண்டுக்கணக்கில் உடைத்தெடுத்தது. இன்று ஃப்ரிமேண்டில் அருங்காட்சியகத்தில் கையால் சுற்றினால் சுழல்கிறது. நான் அன்று கிளாஸ்கோவில் சர்வேயராக இருந்திருந்தால் எஞ்சினில் ஒரு குறையும் கண்டிருக்க மாட்டேன். கையெழுத்துப் போடுமுன் பிராட்ஹர்ஸ்ட்டிடம் ஒன்றுதான் கேட்டிருப்பேன்: “ஐயா, அங்கே தண்ணீருக்கு என்ன வழி?”