'கவனமே இல்லை'ன்னு திட்டாதீங்க... நேரா உட்காரவே மூளை உழைக்குது!

பத்தாம் வகுப்பு. வாத்தியார் போர்டுல கணக்கு போட்டுக்கிட்டு இருக்கார். ஓரத்து பெஞ்சில், 'செரிப்ரல் பால்சி' எனப்படும் மூளை முடக்குவாதம் உள்ள மாணவன் ஒருவன். கொஞ்ச நேரம் போர்டை பார்க்கிறான். அப்புறம் பார்வை எங்கேயோ போயிடுது. 'டேய்... கவனம் எங்கடா இருக்கு?' என்று அதட்டல். சாயந்திரம் அம்மாவிடமும் அதே புகார்.

இப்படி திட்டு வாங்கும் பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்காங்க. உண்மையில் அவன் மூளை சும்மா இல்லை. பெஞ்சில் இருந்து சாயாமல் உட்கார வைக்கும் வேலையில் அது மும்முரமா இருக்கு!

டீ கிளாஸ் கணக்கு

தாய் வயிற்றிலோ, பிரசவத்திலோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ வளரும் மூளையில் ஏற்படும் பாதிப்புதான் மூளை முடக்குவாதம். ஆயிரம் பிறப்புக்கு சுமார் 2 குழந்தைகளுக்கு வருது. ஒட்டுவாரொட்டி இல்லை. கை, கால், முதுகு தசைகள் விறைச்சுக்கும், இல்லேன்னா சொன்னபடி கேட்காது.

நமக்கு உட்காருவது தானா நடக்கும். இவங்களுக்கு அப்படி இல்லை. ரெண்டு கையிலும் தளும்ப தளும்ப டீ கிளாஸை பிடிச்சுக்கிட்டு, ஈரத் தரையில நடந்துக்கிட்டே 17ஐ 6ஆல் பெருக்கி சொல்லுங்க பார்ப்போம். ஒண்ணு டீ கொட்டும், இல்லேன்னா கணக்கு தப்பும். (விடை 102.) அந்தப் பையன் பள்ளி நேரம் பூரா டீ கிளாஸோடதான் இருக்கான்.

12 வயசுக்கு மேல சிரமம் கூடும். எலும்பு மளமளன்னு வளரும், விறைச்ச தசை அந்த வேகத்துக்கு நீளாது. பாடம் கடினமாகிற அதே நேரத்துல உட்காருவதும் கடினமாகுது.

'டிங்... டிங்... டாங்'

கவனத்தை மெஷினில் பார்க்க முடியுமா? ஓரளவு முடியும். வலிப்புக்கு எடுக்கிற இ.இ.ஜி. டெஸ்ட் தெரியும்ல, அதேதான். ஜெர்மனி டாக்டர் ஹான்ஸ் பெர்கர் 1924ல் மனித மூளையின் மின் அலையை முதன்முதலா பதிவு செய்தார்.

காதில் 'டிங்... டிங்...' என்று ஒரே சத்தம் ஓடும். நடுவுல எப்பவாவது 'டாங்'. அதை கவனிச்சா, சுமார் 300 மில்லி செகண்டில் மூளையில் ஒரு அலை எழும்பும். பெயர் 'பி300'. அலை தாமதமா வந்தா, வித்தியாசத்தை கண்டுபிடிக்க மூளைக்கு கூடுதல் நேரம் ஆகுதுன்னு அர்த்தம்.

இதில் பெரிய விஷயம் என்னன்னா, பட்டன் அழுத்த வேண்டாம், வாய் திறக்க வேண்டாம். 'டாங்' எத்தனைன்னு மனசுல எண்ணினாலே போதும். வழக்கமான டெஸ்ட்டுல கை மெதுவா போனா மார்க்கும் போயிடும். இதில் கை குறுக்கே வராது. ஆனா இந்த ஒரு டெஸ்ட்டை மட்டும் வச்சு எந்தப் பிள்ளையையும் எடை போட முடியாது.

குறைமாதத்தில் பிறந்த பல குழந்தைகளுக்கு அடிபடுவது, மூளையின் உள்ளே ஒரு பகுதியில் இருந்து இன்னொரு பகுதிக்கு சேதி கொண்டு போகும் 'ஒயர்' போன்ற நரம்பு இழைகள். சேதி போகும், லேட்டா போகும்.

அறிவு வேற... வேகம் வேற

இந்த பாதிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதி பேருக்கு அறிவுத்திறனில் குறையே கிடையாது. ஆனா 4 பேரில் 3 பேருக்கு உடம்பு வலி உண்டு. 4ல் ஒருவருக்கு வலிப்பு. அதுக்கு போடும் சில மாத்திரைகள் தூக்கத்தை இழுக்கும். திடீர்னு கவனம் குறைஞ்சா, வலி, தூக்கம், கண் பார்வை, மாத்திரை எல்லாத்தையும் டாக்டர்கிட்ட சொல்லி பார்க்கணும். மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க.

வகுப்பில் பெரிய செலவு ஒண்ணும் இல்லை. சாய்மானமும் கைப்பிடியும் உள்ள நாற்காலி, கால் தொங்காம இருக்க ஒரு பலகை, முன்வரிசை இடம், நடுவுல கொஞ்சம் ஓய்வு. உடம்பை தாங்கிப் பிடிக்கிற வேலையை நாற்காலி எடுத்துக்கிட்டா, மூளை பாடத்துக்கு வரும்.

பரீட்சைக்கு சட்டமே துணை இருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமை சட்டத்தை ஒட்டி 2018ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதல். 3 மணி நேர பரீட்சைன்னா ஒரு மணி நேரம் சேர்த்து கிடைக்கும். எழுத முடியாதவர்களுக்கு, சொல்லச் சொல்ல எழுத ஆள் தருவாங்க. மருத்துவ சான்றிதழ், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோட தலைமை ஆசிரியர் மூலமா முன்கூட்டியே மனு கொடுக்கணும். ஹால் டிக்கெட் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, அரையாண்டு பரீட்சைக்கு முன்னாடியே கேட்டு வையுங்க.