முப்பது வருஷம் கழித்து வரும் இருமல்!

கோவிலம்பாக்கம், மேடவாக்கம் பக்கம் ரூம் தேடி அலைந்த பிரம்மச்சாரிகளுக்கு இது தெரிந்த காட்சிதான். மொட்டை மாடியில் ஒற்றை ரூம், தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். "காத்து பிச்சுக்கிட்டு வரும் தம்பி!" என்பார் ஹவுஸ் ஓனர். பிச்சுக்கிட்டு வருவது காற்றா, வியர்வையா என்பது சித்திரை மாதத்தில்தான் தெரியும்!

ஷீட் இருக்கட்டும், அதற்குப் பிறகு வருவோம். அதே தெருவில் ஒரு மிலிட்டரி மாமாவும் இருப்பார். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் 1954-லிருந்து விமானப் பயிற்சியாளர் பள்ளி, பரங்கிமலையில் 1963-லிருந்து ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம் என்று இருக்கும் வட்டாரத்தில் முன்னாள் ராணுவத்தினருக்குப் பஞ்சமா என்ன? அவரிடம் எல்லோரும் சண்டைக் கதை கேட்பார்கள். "சர்வீஸ்ல என்ன தூசியில வேலை பார்த்தீங்க மாமா?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஆஸ்பெஸ்டாஸுக்குத் தமிழில் கல்நார் என்று பெயர். கல்லிலிருந்து உரியும் நார். தீப்பிடிக்காது, சுலபத்தில் அறாது, விலையும் மலிவு. சென்ற நூற்றாண்டில் உலக ராணுவங்களுக்கெல்லாம் இது செல்லப்பிள்ளை. போர்க்கப்பலில் பாய்லருக்கும் நீராவிக் குழாய்க்கும் உறை, ராணுவ லாரிக்கு பிரேக் லைனிங், பழைய முகாம்களில் கூரை, தடுப்புச் சுவர் என எங்கும் கல்நார்தான்.

இதை அறுத்தால், உடைத்தால், தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் பறக்கும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலிலேயே குடித்தனம்தான். நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் ஆஸ்பெஸ்டோஸிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலின் உறையைப் பிடிக்கும் மீஸோதீலியோமா என்ற புற்றுநோய் இதெல்லாம் அதன் வேலை. அதுவும் உடனே வராது. எல்.ஐ.சி. பாலிசி மாதிரி இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்துத்தான் முதிர்வடையும். அதற்குள் ஆள் ரிட்டயராகி, பேரன் எடுத்து, பழைய வேலையையே மறந்திருப்பார். குண்டுக் காயத்துக்காவது தழும்பு சாட்சி. இதற்குச் சாட்சி ஏது?

'தி கிரேட் எஸ்கேப்' படத்தின் ஹீரோ ஸ்டீவ் மெக்வீன் தெரியுமல்லவா? 1947-ல் அமெரிக்க மரைன் படையில் சேர்ந்து மூன்று வருஷம் இருந்தவர். 1980-ல் ஐம்பதே வயதில் மீஸோதீலியோமாவில் இறந்தார். படையில் இருந்தபோது கப்பல் குழாய்களின் ஆஸ்பெஸ்டாஸ் உறையை உரித்தெடுத்ததுதான் காரணம் என்று அவரே நம்பினார். 1970 முதல் 1974 வரை அமெரிக்கக் கடற்படைக்கே தலைவராக இருந்த அட்மிரல் எல்மோ ஸும்வால்ட்டும் 2000-ல் அதே நோயில்தான் போனார். சிப்பாயா, அட்மிரலா என்று அந்த இழை பார்ப்பதில்லை.

நம் கதைக்கு வருவோம். பிரான்சின் பழைய போர்க்கப்பல் 'கிளெமென்ஸோ' வயிறு நிறைய ஆஸ்பெஸ்டாஸோடு உடைபடுவதற்காக 2005 கடைசியில் குஜராத்தின் அலங்கை நோக்கிப் புறப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் 2006 பிப்ரவரியில் அதிபர் ஷிராக் அதைத் திருப்பி அழைத்துக்கொண்டார். பிரிட்டன் 1999-லும் ஆஸ்திரேலியா 2003 கடைசியிலும் கல்நாருக்குத் தடை போட்டன. நம் நாட்டில் வெள்ளைக் கல்நார் இன்னும் இறக்குமதியாகிறது, ஷீட்டாகிறது.

ஆனால் நம் சுப்ரீம் கோர்ட் 1995-லேயே ஒரு நல்ல காரியம் செய்தது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷம், அல்லது வேலையை விட்டபின் 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை நிர்வாகம் வைத்திருக்க வேண்டும் என்றது. நோய் தாமதமாக வரும் என்பதைப் புரிந்துகொண்ட தீர்ப்பு. ஆனால், அது தொழிலாளிகளுக்கு. மிலிட்டரி மாமாவுக்கு அவர் ஞாபகம்தான் பதிவேடு!

அதனால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். அப்பாவோ, மாமாவோ, பக்கத்து வீட்டுப் பெரியவரோ கப்பல் எஞ்சின் அறையிலோ, வண்டி ஒர்க்‌ஷாப்பிலோ, பழைய ஷெட்டுகளை இடிக்கும் வேலையிலோ இருந்தவரானால், எந்த வருஷம், எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டு ஒரு தாளில் எழுதி டிஸ்சார்ஜ் புக்கோடு வையுங்கள். விடாத வறட்டு இருமல், மூச்சிரைப்பு என்று ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குக்குப் போனால், டாக்டர் கேட்காவிட்டாலும் அதை நீட்டச் சொல்லுங்கள். கல்நார்த் தூசியோடு புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு. அவர் கையில் சிகரெட் இருந்தால் உரிமையோடு பிடுங்கலாம்.

உங்கள் ரூம் ஷீட்டா? முழுசாக இருந்தால் பயம் குறைவு. ஃபேன் மாட்டுகிறேன், கேபிள் இழுக்கிறேன் என்று டிரில் போடாதீர்கள். பாசியைத் தேய்த்துச் சுரண்டாதீர்கள். உடைந்தால் ஈரப்படுத்தி எடுங்கள், துடைப்பத்தால் வறட்டுப் பெருக்கல் வேண்டாம்.

இப்போது இருபத்தைந்து வயதில் உள்ளே போகும் தூசிக்கு, பில் அறுபது வயதில்தான் வரும். அப்போது ஹவுஸ் ஓனரைத் தேடிப் பிடிக்க முடியாது!