கரைந்த பல்லேடியம், ஒட்டிய பல்லேடியம்

இரண்டு பென்சீன் வளையங்களை ஒன்றோடொன்று கோக்க 1901இல் ஃபிரிட்ஸ் உல்மன் காட்டியது முரட்டு வழி. ஹாலைடோடு தாமிரத் தூளைக் கலந்து 200 டிகிரிக்கு மேல் காய்ச்ச வேண்டும். கோக்கக் கோக்கத் தாமிரமும் செலவாகிக்கொண்டே போகும்.

எழுபதுகளில் பல்லேடியம் வந்தது. ஹெக், நெகிஷி, அடுத்து சப்போரோவின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் சுசுகியும் மியாவுராவும். 1979இல் தொடங்கிய வேலையை 1981இல் பென்சீன் வளையங்களுக்கே கொண்டுவந்தார்கள்: ஒரு பக்கம் போரானிக் அமிலம், மறுபக்கம் ஹாலைடு, நடுவில் கொஞ்சம் பல்லேடியம். சுசுகி இதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. வினை வேகமாகப் பரவ அதுவும் உதவியிருக்கும். ரத்தக் கொதிப்புக்குத் தரும் லோசார்டனைத் தயாரிக்கவும் இந்த வினை பயன்பட்டது. 2010இல் ஹெக், நெகிஷி, சுசுகி மூவருக்கும் நோபல் கிடைத்தது.

ஆனால் அன்றைய குடுவைக்கும் ஒரு விலை இருந்தது. வினையூக்கியாகப் போட்ட, பல்லேடியத்தோடு பாஸ்பீன் சேர்ந்த மஞ்சள் தூள் காற்றுப் பட்டால் கெடும். நைட்ரஜனிலோ ஆர்கானிலோ வைத்துக் கையாள வேண்டும். வினை முடிந்ததும் உலோகம் கரைசலோடு கலந்து கிடக்கும். மீட்பது கடினம், மருந்தில் விட்டுவைக்கவும் முடியாது: வாய்வழி மருந்தில் ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராம் பல்லேடியம்தான் சர்வதேச வரம்பு. 2022 மார்ச்சில் இந்த உலோகம் அவுன்ஸ் 3,000 டாலரைத் தாண்டியபோது, கழிவோடு போனதன் மதிப்பு எல்லோருக்கும் உறைத்தது.

இன்று பல ஆய்வுக்கூடங்களில் பல்லேடியம் எதன் மீதாவது அமர்ந்திருக்கிறது: கிராஃபீன் தாள், நுண்துளைச் சிலிக்கா, இரும்பு ஆக்சைடு துகள். துகள் 2 நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்தால் ஏறத்தாழ பாதி அணுக்கள் மேற்பரப்புக்கு வந்துவிடும். உள்ளே சும்மா கிடக்கும் உலோகம் குறையும். தாங்கி இரும்பு ஆக்சைடு என்றால் வடிகட்டவும் வேண்டாம். குடுவையின் பக்கத்தில் காந்தத்தை வைத்தால் கறுப்புத் தூள் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தெளிந்த நீர்மத்தை ஊற்றிவிட்டு, தூளைக் கழுவி அடுத்த வினைக்குப் போடலாம்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 'ஐந்து முறை பயன்படுத்தினோம், விளைச்சல் குறையவில்லை' என்ற அட்டவணையைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும். ஒரு மணி நேரத்தில் முடியும் வினையைப் பத்து மணி நேரம் ஓடவிட்டு அளந்தால், பாதி உலோகம் போயிருந்தாலும் விளைச்சல் முழுதாகத்தான் வரும். அளக்க வேண்டியது தொடக்க வேகத்தை.

இன்னொரு சங்கடமும் உண்டு. பல வினைகளில் ஹாலைடு வந்து பற்றியதும் பல்லேடியம் தாங்கியை விட்டிறங்கிக் கரைசலில் வேலை செய்கிறது. ஹாலைடு தீர்ந்தபின் திரும்பிவந்து படிகிறது. தாங்கி அதற்கு விடுதி, வேலை செய்யும் பட்டறை வேறிடம். ஆறியபின் கரைசலைச் சோதித்தால் உலோகம் அதிகம் அகப்படாது. அதனால்தான் வினை பாதியில் இருக்கும்போதே சூடாக வடிகட்டி, வடிநீரில் வினை தொடர்கிறதா என்று பார்க்கிறார்கள். அப்படிக் கரைந்தது மிகச் சொற்பம் என்றாலும் ஏமாற்றும். 2003இல் நிக்கோலஸ் லெட்பீட்டர் குழு உலோகமே இல்லாமல் சுசுகி வினை நடந்ததாக அறிவித்தது. 2005இல் அவர்களே மறுபடி ஆராய்ந்ததில், கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் நூறு கோடியில் 50 பங்கு பல்லேடியம் ஒளிந்திருந்தது தெரிந்தது.

குடுவையில் மறையும் இந்தக் கசிவு குழாயில் மறையாது. வினையூக்கியை அடைத்த குழாய் வழியே கரைசல் ஓயாமல் ஓடும்போது, இறங்கிய பல்லேடியம் கொஞ்சம் தள்ளிப் படியும், மறுபடி இறங்கும், கடைசியில் விளைபொருளோடு மறுமுனையில் வெளியே வந்துவிடும்.