பக்கத்து இருக்கைக்காரர் பற்றிய தப்புக் கணக்கு

சிகாகோவுக்குத் தெற்கே ஹோம்வுட் ரயில் நிலையத்தில் காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் தோள் உரச உட்கார்ந்தாலும் பேசிக்கொள்வதில்லை. கூட்டமாக வாழப் பழகிய மனிதர்கள் நகரம் வரும்வரை வாய் திறக்காமல் போவது ஏன்? உளவியலாளர்கள் நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் இந்தக் கேள்வியோடு அங்கே போனார்கள். தனிமை உண்மையிலேயே சுகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எல்லோரும் ஒரே தப்புக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். பயணிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து, சிலரைப் பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுக்கச் சொன்னார்கள். சிலரைத் தனியே இருக்கச் சொன்னார்கள். மற்றவர்களை வழக்கம்போல் போகவிட்டார்கள். 2014-ல் வெளியான முடிவின்படி, பேசிக்கொண்டு போனவர்களுக்கே பயணம் அதிக இனிமையாக இருந்தது. ஆனால் அதே நிலையத்தில் வேறு பயணிகளை வெறுமனே ஊகிக்கச் சொன்னபோது, தனியாகப் போவதுதான் இனிமை என்றார்கள்.

இந்தக் கணக்கு தப்பும் இடம் சுவாரசியமானது. பேசத் தொடங்கிவிட்டால் பிடித்துப்போகும் என்று பலரும் ஒத்துக்கொள்கிறார்கள். எதிராளிக்குத்தான் விருப்பமிருக்காது என்று நினைக்கிறார்கள். என் மௌனத்துக்கு மரியாதை காரணம், அவர் மௌனத்துக்கு வெறுப்பு காரணம் என்று இருவரும் ஒரே நேரத்தில் எண்ணினால் பேச்சு எப்படிப் பிறக்கும்? பேசாததால் அந்த ஊகத்தைச் சோதிக்கும் வாய்ப்பும் வருவதில்லை. எப்லியும் ஷ்ரோடரும் டாக்ஸிப் பயணிகளிடம் நடத்திய சோதனையில், ஓட்டுநர்களிடம் வழக்கமாகப் பேசுகிறவர்கள் பேச்சு இனிக்கும் என்று சரியாகவே எதிர்பார்த்தார்கள். பேசிப் பழகாதவர்களின் எதிர்பார்ப்புதான் பொய்த்தது. பேசி முடித்த பிறகும் சந்தேகம் விடுவதில்லை. புதியவர் ஒருவரோடு பேசியவர்கள், அவருக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று எரிகா பூத்பியும் சக ஆய்வாளர்களும் 2018-ல் காட்டினார்கள்.

கூச்ச சுபாவக்காரர்களுக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். ரயில் ஆய்வில் ஆளுமை வேறுபாடு முடிவைப் பெரிதாக மாற்றவில்லை. கேட்க நேர்ந்தவருக்கு இது தொல்லைதானே? காத்திருப்பு அறையில் நடந்த இன்னொரு சோதனையில், பேச்சுக்கு ஆளானவருக்கும் அந்த நேரம் இனிமையாகவே கழிந்தது. அமெரிக்கர்கள் இயல்பிலேயே வாயாடிகள் என்று யாராவது சொன்னால், மௌனத்துக்குப் பேர்போன லண்டன் ரயில்களிலும் இதே போக்கு தென்பட்டதை 2021-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. பெண்களின் தயக்கம் மட்டும் வேறு வகை. தெரியாத ஆணின் பேச்சு எங்கே போய் முடியுமோ என்ற எச்சரிக்கை அவர்களுக்கு அனுபவத்தில் வந்தது. சராசரிகளைக் காட்டி அதைத் தள்ளிவிடக் கூடாது. வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் பொது இடங்களை வடிவமைப்பவர்கள், 'உங்களுக்கு எது பிடிக்கும்?' என்ற கேள்வியோடு நின்றுவிடுவது போதாது. ஹோம்வுட் வழியே ஓடும் மெட்ரா ரயில்களில் 2011-ல் அமைதிப் பெட்டிகள் வந்தன. தூங்குகிறவருக்கும் படிக்கிறவருக்கும் அவை தேவைதான். என்றாலும், அப்படிப்பட்ட பெட்டி வேண்டுமா என்று கேட்டால் வருகிற பதில் பயணி முன்கூட்டியே போடும் கணக்கு. இறங்கும்போது அவர் மனநிலை எப்படி இருந்தது என்பதை அதே அக்கறையோடு கேட்டுப் பார்க்க வேண்டும்.