தெருவிளக்கும் ஒரு தீர்மானம்தான்

எங்கள் திருவேங்கடம் ஊராட்சி அல்ல, பேரூராட்சி. தென்காசி மாவட்டத்தில் தாலுகா தலைமையிடமும் கூட. எங்கள் தெருவில் பல பேருக்கு இந்த வித்தியாசமே தெரியாது. டீக்கடையில் நான் அடிக்கடி சொல்வேன்: தெருவிளக்கு, பஸ் ஸ்டாப் நிழற்குடை, கழிப்பிடம், பூங்கா, சுடுகாடு எல்லாமே அரசியல் சாசனத்தின் 12-வது அட்டவணையில் நகர உள்ளாட்சிக்கு உரிய 18 பொறுப்புகளுக்குள் அடங்கும். 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது திருத்தம் தந்தது அது.

2022 பிப்ரவரி 19-ல் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் நாம் ஓட்டுப் போட்டது வார்டு கவுன்சிலருக்கு மட்டும். தலைவரைத் தேர்ந்தெடுத்தது கவுன்சிலர்கள். நிர்வாகத்தைப் பார்ப்பவர் செயல் அலுவலர். எனவே விளக்கு எரியவில்லை என்றால் முதலில் கவுன்சிலரிடம் போங்கள். அதோடு நிறுத்தாமல், அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். புதிய பணி என்றால் மன்றத் தீர்மானம் வேண்டும். பிறகு மதிப்பீடு, டெண்டர், அதன் பின்தான் வேலை. "ஆகட்டும் அண்ணாச்சி" என்ற வாய்வார்த்தைக்கு எந்தக் கோப்பிலும் இடமில்லை.

கிராமங்களில் ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது. நகரங்களுக்கு அதைப் போல 'ஏரியா சபை' வந்தது. 2022 நவம்பர் 1 அன்று சென்னையை அடுத்த பம்மலில் நடந்த சபையில் முதலமைச்சரே கலந்துகொண்டார்.

உங்கள் வார்டில் சபை எப்போது என்று கேளுங்கள். போய் உட்காருங்கள். பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.