இரவல் வட்டும் உரிமமும்



இத்தொடரில் இலக்கணமும் இலக்கியமும் பேசப்படுவதே மரபு. இன்று கணினியைப் பற்றிப் பேச வந்துள்ளோம். எனினும் நாம் ஆராயப்போவன சொற்களே. "நண்பரிடம் இயங்குதள வட்டு ஒன்று உள்ளது. அதை இரவல் வாங்கிப் பள்ளிக் கணினிகளில் நிறுவலாமா?" என்று தெலுக் இந்தான் வட்டாரத் தமிழாசிரியர் சிலர் எம்மிடம் கேட்டதுண்டு. இவ்வினாவுக்கான விடை இரவல், உரிமை, உரிமம், இலவசம் ஆகிய சொற்களைத் தெளிவுற உணர்வதில் அடங்கியுள்ளது.

இரவலும் கடனும்

தமிழ் வழக்கில் கடனும் இரவலும் ஒன்றல்ல. அண்டை வீட்டில் ஒரு படி அரிசி கடன் வாங்கினால், அதை உண்டு முடித்துவிட்டு வேறு அரிசியை அளந்து கொடுக்கிறோம். நூலை இரவல் வாங்கினால் அந்நூலையே திருப்பித் தருகிறோம். தோட்டத்து லயங்களில் திருமணம் நிகழ்ந்தால் அண்டாவும் குத்துவிளக்கும் வீட்டுக்கு வீடு இரவல் சென்று மீண்டதை முதியோர் அறிவர். கடனில் ஈடு திரும்புகிறது. இரவலில் பொருளே திரும்புகிறது. இரண்டுக்கும் பொதுவான இயல்பும் ஒன்றுண்டு. பொருள் வாங்கியவரிடம் இருக்கும்வரை கொடுத்தவரிடம் இருப்பதில்லை.

குறுவட்டு இவ்வியல்பை மீறுகிறது. காலையில் வாங்கிய வட்டை மாலையில் திருப்பித் தந்துவிடலாம். ஆனால் அதிலிருந்த நிரல் நம் கணினியில் தங்கிவிடுகிறது. நண்பரின் கணினியிலும் இருக்கிறது. ஆகவே வட்டு இரவல் பெறப்பட்டது, நிரலோ படியெடுக்கப்பட்டது. ஒரு செயலுக்குள் இரு செயல்கள் மறைந்திருப்பதே குழப்பத்தின் வேர்.

நம் நகரின் சாய்ந்த கோபுரத்தையே எண்ணிப் பாருங்கள். 1885 இல் எழுப்பப்பெற்ற அக்கோபுரத்தில் தண்ணீர்த் தொட்டியும் இருந்தது, கடிகாரமும் இருந்தது. தொட்டியிலிருந்து ஒருவர் மொந்தால் நீர் குறையும். கடிகாரத்தை ஊரே பார்த்தாலும் நேரம் குறையாது. நிரல் அந்த நேரத்தைப் போன்றது. எத்தனை படியெடுத்தாலும் தேய்வதில்லை. அப்படியாயின் தடை எதற்கு? கடிகாரத்தைச் செய்தவருக்கு அதை விற்றபோதே விலை கிடைத்துவிட்டது. நிரல் எழுதியவரோ தம் உழைப்பின் பயனை ஒவ்வொரு படியின் வாயிலாகச் சிறுகச் சிறுகப் பெறுகிறார். எனவேதான் படியெடுப்பைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது.

உரிமையும் உரிமமும்

மலேசியாவின் 1987 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் (சட்டம் 332) கணினி நிரலை எவ்வகையில் சேர்த்துள்ளது என்பது மொழி பயில்வோர் அறிய வேண்டிய செய்தி. அது நிரலை இலக்கியப் படைப்பாகக் கொள்கிறது. மலாயில் அதற்குக் 'கார்யா சஸ்தெரா' என்று பெயர். வடமொழிச் 'சாஸ்திர'மே மலாயில் 'சஸ்தெரா' ஆயிற்று. ஆகவே நிரலும் நாவலும் சட்டத்தின் முன் ஒரே வகையின. நாவலைப் படியெடுத்து விற்பது எத்தகையதோ, நிரலை இசைவின்றிப் படியெடுப்பதும் அத்தகையதே.

பதிப்புரிமை என்பது ஆக்கியோனுக்குச் சட்டம் வழங்கும் உரிமை. உரிமம் என்பது அவ்வுரிமையுடையவர் பிறர்க்கு நிபந்தனையோடு அளிக்கும் இசைவு. கடையில் இயங்குதளம் வாங்கும்போது வட்டு நம் உடைமையாகிறது, நிரல் ஆவதில்லை. நிரலைப் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே நமக்குக் கிடைக்கிறது. கணினியோடு சேர்ந்து வரும் உரிமம் பெரும்பாலும் அக்கணினிக்கு மட்டுமே உரியது. கணினி மாண்டால் உரிமமும் அதனோடு மாள்கிறது. தனியே வாங்கிய உரிமத்தை வேறு கணினிக்கு மாற்றலாம். ஆயினும் ஒரு நேரத்தில் ஒரு கணினியில்தான் அது செல்லும்.

எம் பட்டறிவு

2007 இல் யாம் தோட்டத் தமிழ்ச் சொற்களைத் தொகுத்துக்கொண்டிருந்தோம். பெரட்டு, கிராணி, மங்கு, ஒட்டுப்பால் முதலிய சொற்களைப் பால்மரம் சீவிய முதியோரின் வாய்மொழியாகக் கேட்டுக் கணினியில் பதிந்துவந்தோம். சொல் தந்தோருள் சிலர் அவ்வாண்டுக்குள்ளேயே மறைந்துவிட்டனர். அவ்வேளையில் கணினி பழுதுற்றது. நண்பர் ஒருவரின் இயங்குதள வட்டை இரவல் வாங்கி நிறுவினோம். சின்னாள் இயங்கியது. பின்னர் உரிம எண்ணை உறுதிப்படுத்தக் கோரியது. அவ்வெண்ணோ நண்பரின் கணினிக்கு உரியது. கணினி உள்ளே விட மறுத்தது. முதியோர் தந்த சொற்களெல்லாம் உள்ளேயே அடைபட்டன.

பிழை எம்முடையதே. நிறுவும்போது உரிம விதிகள் திரையில் தோன்றின. பிறர் கட்டுரையில் ஒற்று மிகுந்ததா, குறைந்ததா என்று நோக்கும் யாம், அவ்விதிகளில் ஒரு வரியும் படியாமல் 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தியிருந்தோம்.

மாணவர் ஒருவர் வந்து, "ஐயா, இந்த வட்டைப் போட்டுப் பாருங்கள்" என்றார். அதுவும் அவர் இன்னொருவரிடம் இரவல் வாங்கியதே. அது 'உபுண்டு' எனும் லினக்ஸ் இயங்குதளம். கேட்டவர்க்கெல்லாம் அக்காலத்தில் அஞ்சல் வழியே விலையின்றி அனுப்பப்பட்டது. கணினியில் நிறுவாமலேயே வட்டிலிருந்து இயங்கவல்லது. அதைக்கொண்டு கணினியை இயக்கி, சொற்கோப்புகளை விரலியில் மீட்டெடுத்தோம்.

வட்டுகள் இரண்டும் இரவலே. ஒன்றை நிறுவியது விதிமீறல். மற்றொன்றைப் பிறர்க்குப் படியெடுத்துக் கொடுப்பதும் முறையே. வேறுபாடு இரவலில் இல்லை, உரிமத்தில் உள்ளது.

இலவசமும் கட்டற்றதும்

விலையில்லாதது, தடையில்லாதது ஆகிய இரண்டையும் 'ஃப்ரீ' எனும் ஒரே சொல்லால் ஆங்கிலம் குறிக்கிறது. தமிழில் இவ்விடர்ப்பாடு இல்லை. முன்னது இலவசம், பின்னது கட்டற்றது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1983 இல் குனு திட்டத்தை அறிவித்தார். எந்நோக்கத்துக்கும் பயன்படுத்தல், மூலநிரலை ஆராய்தல், படியெடுத்துப் பகிர்தல், திருத்தி வெளியிடல் ஆகிய நான்கு உரிமைகளும் உடையதே கட்டற்ற மென்பொருள் என்பது அவர் நிறுவிய இயக்கத்தின் வரையறை. 1989 இல் குனு பொது உரிமம் வெளிவந்தது. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருநிரலும் பின்னர் அவ்வுரிமத்தின் கீழ் வந்தது.

கட்டற்றது விதியற்றது அன்று. குனு பொது உரிமத்தின்படி ஒரு நிரலைத் திருத்திப் பிறர்க்கு வழங்குபவர், மூலநிரலையும் தாம் பெற்ற அதே உரிமைகளையும் சேர்த்தே வழங்க வேண்டும். மறுதலையாக, இலவசமாகக் கிடைப்பதெல்லாம் கட்டற்றதும் அன்று. விலை கேளாத நிரல்கள் சில பிறர்க்குப் படியெடுத்துத் தருவதைத் தடை செய்கின்றன.

இதனால் தமிழுக்கு விளைந்த நன்மை பெரிது. திருத்தும் உரிமை இருந்தமையால், எந்நிறுவனத்தின் இசைவுக்கும் காத்திராமல் தமிழ் ஆர்வலர்கள் லினக்சின் கேடீஈ, குனோம் திரைகளில் வரும் சொற்களைத் தமிழாக்கினர்.

வகுப்பறைக்குச் சில சொற்கள்

வட்டு கைக்கு வந்ததும் அது யாருடையது என்பதோடு நில்லாமல், இதன் உரிமம் யாது என்றும் கேளுங்கள். எத்தனை கணினிகளில் நிறுவலாம், பிறர்க்குத் தரலாமா, காலவரை உண்டா என்பவற்றை மாணவரையே படித்துக் கூறச் செய்யுங்கள். அதுவும் ஒரு கருத்துணர் பயிற்சியே. விலை கொடுக்க இயலாத பள்ளிக்குக் கட்டற்ற இயங்குதளம் நேரிய வழி. எதை நிறுவுமுன்னும் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள்.

திருக்குறளின் 29 ஆம் அதிகாரம் கள்ளாமை. அதைக் கற்பிக்கும் வகுப்பிலுள்ள கணினி, உரிமமற்ற நிரலால் இயங்குதல் தகாது.

அம்மாணவரிடம் வட்டை மறுநாளே திருப்பித் தந்தோம். அதற்குமுன் அதில் ஒரு படி எடுத்துக்கொண்டோம். அம்முறை உரிமத்தைப் படித்த பின்னரே எடுத்தோம்.